பெயிண்ட் மேல் போட்ட போல்ட்

1998 ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் மாணிக்கராஜ் ஏழு ஆயில் வெப்பமானிகளைக் கழற்றி எறிந்தார். ஏழும் நன்றாக வேலை செய்தவை.

கனரக வாகனத் தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் பிரிவு ஃபோர்மேன் அவர். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கொட்டகை பிடித்து, அலுமினியக் குழாயும் துணியுமாக இருவர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றை மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டியதைவிட ஊருக்குச் சொன்னது அதிகம். இறக்கையில் துணி ஏறுவதற்கு முன்பே பாஸ்டரை அழைத்து ஜெபமும் செய்தாகிவிட்டது.

கோளாறு எளிமையானது. முன்விளக்கைப் போட்டால் வெப்பமானி முள் சிவப்புக்கு ஓடும், அணைத்தால் இறங்கும். இன்ஜின் ஓடாமல் ஆயில் குளிர்ந்து கிடக்கும்போதும் அப்படித்தான். வேறு யாராக இருந்தாலும் ஒயரிங் மேல் சந்தேகம் வந்திருக்கும். இவருக்கு மீட்டர் மேல் வந்தது.

பெங்களூரிலிருந்து சோதனை விமானி ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. முள் சரியில்லையென்றால் தரையைவிட்டு எழுப்ப மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம், வேறு வழியில்லாமல், மாணிக்கராஜ் டென்சிலைக் கூப்பிட்டார். தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை இழுக்கும் மோட்டார்களைப் பார்த்துக்கொண்ட எலக்ட்ரீஷியன் டென்சில்.

விளக்குக்கும் மீட்டருக்கும் போகிற கரெண்ட் பேட்டரிக்குத் திரும்ப விமானத்தின் குழாய்கள்தான் வழி. டென்சில் முன்பக்கக் குழாயில் பெயிண்டைச் சுரண்டி, அங்கிருந்து பேட்டரி நெகடிவுக்கு ஒரு ஒயரைப் பிடித்தார். விளக்கைப் போட்டார். முள் அசையவில்லை.

"இன்னா மாணிக்கம், குழாய்க்கெல்லாம் பெயிண்ட் அடிச்சிட்டு அது மேல போல்ட் போட்டுக்கிற. கரெண்ட் எப்டிப்பா திரும்பி வரும்?"

"நம்ம ஃபேக்டரி டம்பர் லாரில ரெண்டாவது ஒயர் இருக்குதா? பாடிதான் ரிட்டர்ன். இருபத்திரெண்டு வருசமா பண்றேன்."

"டம்பர் முப்பது டன் இரும்பு. இது உன் ஊட்டம்மா துணி காயப்போடுற கொடி மாரி இருக்குது."

கொட்டகையில் நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள். ஆறு பேரும் மாணிக்கராஜின் கீழ் வேலை செய்பவர்கள். காரியம் கெட்டது அங்கேதான். டென்சில் போனதும் மாணிக்கராஜ் அந்த ஒயரைப் பிடுங்கினார். எட்டாவது மீட்டரை மாட்டினார். சுரண்டிய இடத்தில் இன்னொரு கோட் பெயிண்டும் அடித்தார்.

ஞாயிறு காலை, தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் மலைபோல் குவிந்த சயனைடு மேட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் நல்ல கூட்டம். மாணிக்கராஜ் புதுச் சட்டையில் கையாட்டிக்கொண்டிருந்தார். விமானி ஏறி உட்கார்ந்து விளக்கைப் போட்டார். முள் சிவப்புக்குப் போனது. அணைத்தார், இறங்கியது. இன்னொரு தடவை பார்த்துவிட்டு பெல்ட்டைக் கழற்றினார்.

"எர்த் சரியில்ல சார். தனியா ஒரு ஒயர் இழுத்துட்டுக் கூப்பிடுங்க."

பதினோரு மணி ரயிலுக்கு ஆட்டோ பிடித்து பங்காருபேட்டை போய்விட்டார். கலைந்த கூட்டத்திடம் மாணிக்கராஜ், "அந்தாளுக்கு பயம்பா" என்றார். இழுக்கவேண்டிய ஒயர் ஐந்தடிகூட வராது.

அடுத்த ஞாயிறு, வேறு விமானி தேடி அவர் ஓசூருக்கு பஸ் ஏறினார்.