சிலிண்டர் ஹெட்டில் ஒரு கட்டைவிரல்

திருவொற்றியூரில் ஒரு ஃபவுண்டரியில் டிசைன் வேலை எனக்கு. என்ன செய்கிறேன் என்று வெளியில் சொன்னால் சிரிக்கிறார்கள். இன்ஜின் பாகத்தை முதலில் தெர்மாகோலில் செய்வோம். அதைக் குழைத்த பீங்கான் மாவில் முக்கிக் காயவைத்து, மணலில் புதைத்து, மேலே உருகிய அலுமினியத்தை ஊற்றுவோம். தெர்மாகோல் ஆவியாகிப் போகும். அந்த இடத்தில் உலோகம் நிற்கும். தெர்மாகோலில் நகம் பட்டால்கூட உலோகத்தில் தெரியும். இதைப் பட்டறையில் எல்லோரிடமும் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்.

விசைப்படகு இன்ஜினுக்கு ஒரு சிலிண்டர் ஹெட், அதாவது இன்ஜினின் மேல்மூடி. உள்ளே தண்ணீர் ஓடும் வழிகள் குடல் மாதிரி வளைந்து போகும். எட்டு மாதம் வரைந்தேன். முதல் பீஸ் சோதனையில் தேறாவிட்டால் என் வரைபடம் குப்பைக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வார்த்து முடித்து மணலைத் தட்டினால், ஹெட்டின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம்.

“யாரு கை வெச்சது?”

மேஸ்திரி அசரவில்லை. “நான்தான் நைனா. மாவுல முக்கறதுக்கு முன்னாடி சந்தனப் பொட்டு வெச்சேன். மொத பீஸு. மொட்டையா எறக்கச் சொல்றியா?”

“வெச்ச, சரி. இன்னாத்துக்கு இப்படி அமுக்குன?”

“அமுக்காட்டி உதுந்துடும் மாமு. தெர்மாகோல்ல நிக்குமா?”

இன்னொன்று வார்க்க நேரமில்லை. இன்ஜின் கம்பெனியிலிருந்து சோதிக்க வந்தவர் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். ஹெட்டுக்குள் காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. அவர் பேனாவைத் திறந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மடையன்.

“சார், அடுத்த பீஸ்ல இந்தப் பள்ளம் இருக்காது” என்றேன்.

பேனா நின்றது. “இருக்கணும். நான் இந்தப் பீஸுக்குத்தான் அப்ரூவல் தர்றேன். எது மாறினாலும் மறுபடி முதல்லேர்ந்து சோதனை. ஆமா, டிராயிங்ல இது ஏன் இல்ல?”

முதலாளி என்னைப் பார்த்தார். “போட்டுடு.”

வெர்னியரை எடுத்துக்கொண்டு போய் மேஸ்திரியின் கட்டைவிரலை அளந்தேன். நீளம், அகலம், நுனியின் வளைவு. மனிதர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரைந்து காட்டினால், “நகத்தாண்ட இன்னும் கொஞ்சம் ஒல்லியா இருக்கணும் நைனா” என்று திருத்தம் வேறு.

டிராயிங் பாஸாகிவிட்டது. வருகிறவன் எல்லாம் அந்த விரலைத்தான் பார்க்கிறான். நான் எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட தண்ணீர் வழிகளைப் பற்றி இதுவரை ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.