கமண்டலமும் சம்மட்டியும்

நான் குள்ளம். ‘உயரம் கொஞ்சம் கம்மி’ என்று பூசி மெழுகுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஐந்தாம் வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் தோளுக்குத்தான் இருந்தேன். இன்றைக்கும் பேருந்தில் மேல்கம்பி எட்டாது.

எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வருஷா வருஷம் பொதிகைமலைக் குறுமுனி நாடகம் போடுவார்கள். தாமிரபரணி பிறந்த கதை. மூன்று வருஷமாக முனிவர் நான்தான். பெண்பிள்ளைக்கு எதற்குத் தாடி என்று அம்மா கேட்டதற்கு, இவள் அளவுக்கு வேறு ஆள் இல்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார். பஞ்சுத் தாடி ஒட்டுவார்கள். கையில் கமண்டலம்; எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்புதான் அது. மேடையில் நாலு எட்டு வைப்பேன். வசனம் எதுவும் சொல்வதற்கு முன்பே கூட்டம் சிரிக்கும். ஞானியைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. என் காலைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். எனக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும்.

ஐந்தாம் வகுப்பு படித்த அந்த வருஷம் அரையாண்டு லீவுக்கு முக்கூடலில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். மலையடிவாரத்தில் ஒரு பெரிய கதவு திறந்தது. உள்ளேயிருந்து வரிசையாக வந்தார்கள். எல்லாரும் என்னைப் போல இருந்தார்கள். அதே கால், அதே கை. இடுப்பு வரைக்கும் தாடி. இரும்புச் சட்டை. ஒருவன் கையில் கோடாலி, அடுத்தவன் கையில் சம்மட்டி. எதிரே நின்ற நெட்டைக் கூட்டம் பின்வாங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

நான் கையில் இருந்த முறுக்கைத் தின்ன மறந்துபோனேன். தாடி என்னவோ எனக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். கையில் இருப்பதுதான் வேறு.

இந்தக் குள்ளர்கள் எல்லாருக்கும் ஏன் கோடாலியும் சம்மட்டியுமே கொடுத்திருக்கிறார்கள், வாள் ஏன் இல்லை என்று கேட்டேன். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

“ஏட்டி, அவனுவ மலையக் கொடைஞ்சி உள்ள குடியிருக்கவனுவ. அங்கன வாள வீச எடம் ஏது? பாறைய ஒடைக்க என்னத்த எடுக்கானோ, அதையே சண்டைக்கும் எடுத்துட்டு வாரான். குட்டையா இருக்கதால உள்ள எடம் பத்தும்லா.”

அவர்கள் பேசிய இங்கிலீஷும் வேறு மாதிரி இருந்தது. கரடுமுரடாக, தொண்டைக்குள்ளிருந்து வந்தது. அது இங்கிலீஷ்காரர்கள் ஊருக்கு வடக்கே ஏதோ குளிர்ந்த மலைநாட்டுக்காரர்களின் பேச்சாம். நெட்டை ராஜாவுக்கும் வில்வீரனுக்கும் மட்டும் திருத்தமான இங்கிலீஷ். சினிமாவில் சிரிப்புக்காரனுக்கு எங்கள் நெல்லைப் பேச்சைக் கொடுப்பதும் இதே வேலைதான் என்று இப்போது எரிச்சல் வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அன்றைக்கு அந்தக் குரல் எனக்கு இடி மாதிரி இருந்தது.

அதோடு, சம்மட்டியால் பாறை உடைக்கும் அப்படி ஒரு குள்ளமான ஆளை எனக்குத் தெரியும். அம்மாவின் தம்பி, என் மாமா. எங்கள் குடும்பத்தில் என்னைப் போல உயரம் அவர் ஒருவருக்குத்தான். கிணறு வெட்டும் கூட்டத்தோடு வேலைக்குப் போவார். தன் கைக்குத் தோதாகக் காம்பைக் குறைத்துப் போட்ட ஒரு சம்மட்டி வைத்திருந்தார். லீவு முடிந்து வந்ததும், பக்கத்து வயலில் அவர் வேலை செய்த கிணற்றைப் போய் எட்டிப் பார்த்தேன். ஊற்றைத் தேடி அடியில் பக்கவாட்டாகப் பாறையைக் குடைந்திருந்தார்கள். மற்றவர்கள் குனிந்து போன அந்தத் துளைக்குள் மாமா நிமிர்ந்து நடந்து போனார். கொஞ்ச நேரத்தில் டங், டங் என்று சத்தம் கேட்டது. என் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. பிறகு துளையிலிருந்து தண்ணீர் வந்தது. முதலில் ஒரு கோடு. அப்புறம் நுரைத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் மாமா, முகமெல்லாம் பாறைத்தூளோடு, நடந்து வந்தார்.

விளையாட்டில் பார்த்தது நிஜம் என்று எனக்கு அப்போது உறுதியாகிவிட்டது. மாமா ஊர்த்தெருவில் நடக்கவே மாட்டார். வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சுற்று வழியானாலும் வாய்க்கால் கரை வழியாகத்தான் வீட்டுக்கு வருவார். மலைக்குள் இருப்பவர்களுக்கு ரகசியப் பாதை இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்டு விழா அன்று காலையில் மாமாவின் சம்மட்டியை எடுத்துப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் அவர் வேலைக்குப் போக முடியாது என்று தோன்றவே இல்லை. இன்னொரு முறை அந்தச் சிரிப்பைக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

நாடகத்தில் நான் கமண்டலத்தைச் சாய்க்க வேண்டும். உடனே தெர்மாகோல் மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நாலு பிள்ளைகள் நீலச் சேலையை விரித்துக்கொண்டு ஓடி வருவார்கள். அதுதான் தாமிரபரணி. நான் தாடியோடு மேடை ஏறினேன். வழக்கம்போலச் சிரித்தார்கள். செம்பைக் கீழே வைத்தேன். காவித் துணிக்குள்ளிருந்து சம்மட்டியை உருவினேன். சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டு கையாலும் தூக்கி மலையின் நடுவில் ஒரு போடு போட்டேன்.

மலை இரண்டாகப் பிளந்தது. பின்னால் இருந்த பிள்ளைகள் அலறிக்கொண்டு, சேலையைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பிளவு வழியாகவே ஓடி வந்தார்கள். நீலச் சேலை மேடை முழுக்கப் பரவியது. அப்படி ஒரு அமைதியை அந்த மைதானத்தில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. எவனும் சிரிக்கவில்லை. டீச்சர் மட்டும் ஓரத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, இறங்கு, இறங்கு என்றார்.

இறங்கியபோது கீழே மாமா நின்றார். ஆண்டு விழாவுக்கு அம்மா எத்தனை தடவை கூப்பிட்டும் வராதவர், பகலெல்லாம் சம்மட்டியைத் தேடிவிட்டு, நான் எடுத்துப் போனதை என் தம்பி சொல்லி வந்திருந்தார். நாற்காலி வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான்.

“ஏலே, இன்னொரு முனிவர் வாராரு பாரு.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. அடி விழும் என்று நினைத்து நான் சம்மட்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். பிளந்து கிடந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கேட்டா தர மாட்டேனாட்டி?” என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன், நாம் குட்டையாக இருப்பதால் உள்ளே இடம் பத்தும் என்றுதானே நீங்கள் கிணற்று வேலைக்குப் போகிறீர்கள் என்று. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“இல்லட்டி. உள்ள நெழலா இருக்கும், அதான்.”

நான் நம்பிவிட்டேன். பாறை கொதிக்கும் கிணற்றுக்குள் என்ன நிழல் இருக்கும், யார் சிரிப்புக்கு ஒதுங்கிய நிழல் அது என்று யோசிக்கத் தெரியவில்லை.

துடைத்த துண்டை அவர் தலையில் போடவில்லை, இடுப்பில் கட்டிக்கொண்டார். சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் பக்கம் திரும்பாமல் நேராகப் பஜாருக்குள் நடந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் தம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கூட்டம் இடிக்க இடிக்க நடந்தோம். நான் தாடியைக் கூடக் கழற்றவில்லை. பசை அரித்தது, கால் வலித்தது. கரை வழியாகவே போயிருக்கலாமே, அங்கே இந்த நெரிசல் இல்லையே என்று வீடு வரைக்கும் அவரிடம் முணங்கிக்கொண்டே வந்தேன்.