சிங்கம் கட்டிய சுவர்

ஹஸ்வினெயி என்றால் எங்கள் மொழியில் 'பரவாயில்லை' என்று பொருள். பெற்றவர்கள் யார் மேலிருந்த கோபத்தில் வைத்தார்களோ, மனிதர் அந்தப் பெயருக்குள்ளேயே ஆயுளை ஓட்டிக்கொண்டிருக்கிறார். குலச்சின்னம் சிங்கம் என்பதால் ஊரில் கூப்பிடுவதும் 'சிங்கம்' என்றுதான். பார்க்க நனைந்த கோழி மாதிரி இருப்பார். அது வேறு விஷயம்.

மாஸ்விங்கோ குன்றுகளில் பாறைமேல் தீ மூட்டி, தண்ணீர் ஊற்றி, பலகை பலகையாகப் பிளந்து எடுப்பது அவர் தொழில். அதை அடுக்கிச் சுவர் எழுப்பக் காரை கிடையாது. கல்லைக் கல்லே பிடித்துக்கொள்ளும். மனைவி இறந்து, மகன்களும் ஜோஹன்னஸ்பர்க் போனபின், பேச ஆளில்லாத மாலைகளில் தன் முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு வரிசையாக ஏற்றினார். சுவர் ஆளுயரம் தாண்டிவிட்டது. வாசலையும் நத்தை ஓடு போல வளைத்து உள்ளே கொண்டுபோனார்.

எங்கள் பக்கம் யார் வீட்டுக்குள்ளும் நேராக நுழைவதில்லை. வெளியே நின்று "வரலாமா?" என்று கேட்டு, உள்ளிருந்து "வாங்க" என்று குரல் வந்தால்தான் கால் எடுத்து வைப்போம். ஜனம் வந்தது, கேட்டது, பதில் இல்லை, போய்விட்டது. "சிங்கத்துக்குத் தலைக்கனம்" என்றது. சிங்கமோ, ஊர் தன்னை மறந்துவிட்டதென்று உள்ளே உட்கார்ந்து ஆறிப்போன சோளக்களியைப் பிசைந்துகொண்டிருந்தது.

ஒருநாள் கல்லோடு குன்றிலிருந்து இறங்கியவர், பக்கத்து வீட்டு அம்மாள் மாய் ஷிங்கை தன் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"பின்னாடி இருக்கேன், மாய் ஷிங்கை."

"அட! எத்தன தடவ தொண்ட கிழியக் கத்துறது? காது அடைச்சிருச்சா, மனசு அடைச்சிருச்சா?"

"இதுக்கு முன்னாடி வந்தீங்களா?"

"கடலை பிடுங்கினப்போ வந்தேன். மழைக்கு முன்னாடி வந்தேன். சட்டியோட வந்து சட்டியோட திரும்பினேன்."

மறுநாளே இடிக்க ஆரம்பித்தார். காரையில்லாத சுவரில் அதுதான் வசதி. இடுப்பளவுக்கு இறக்கிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார்.

"வரலாமா?"

"வாங்க! வாங்க!" கோழிகள் சிதறி ஓடின.

மாய் ஷிங்கை உட்காரக்கூட இல்லை. "எனக்கும் ஒரு சுவர் கட்டிக் குடுங்க. முன்னால இங்க இருந்துச்சே, அந்த உசரம். ஒரு கௌரவமா இருக்கும்."

"கல்லு தீந்துபோச்சு."

மாய் ஷிங்கை குன்றைப் பார்த்தார். அடிமுதல் உச்சிவரை கல். முற்றத்தில் இறக்கிவைத்த குவியலையும் பார்த்தார். "பொய்க்கும் ஒரு அளவு வேணாமா, சிங்கம்?"

"இடுப்பு வரைக்கும்னா வரும்."

இப்போது சிங்கம் அந்த வீட்டில் இடுப்பளவுக்குத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார். நேற்று பொழுது சாய வேலை முடித்து அவர் திரும்பும்போது பார்த்தேன். தன் வாசலில் நின்று, மெதுவாக, "வரலாமா?" என்றார்.

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே போனார்.