அஞ்சு நாளான புயல்

"புயலுக்கு வயசாகாதா பாப்பா?" என்று அமிர்தம் கேட்டபோது ஜெனிட்டா கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தாள்.

நாகப்பட்டினத்தில் ஜெனிட்டா வேலை பார்த்த பிரவுசிங் சென்டர் அது, டெலிபோன் பூத்தும் அதிலேயே இருந்தது. சுனாமி வந்து மூன்றாம் வருஷத்துக் கோடை. கருவாட்டுக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு அமிர்தம் உள்ளே வந்திருந்தாள்.

"கூடையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்கக்கா, ஏசியில நெத்திலி வாசம் அடிக்குது," என்றார் மூலையில் மெயில் பார்க்க உட்கார்ந்திருந்த வைத்தியலிங்கம்.

"வீட்டுல இதே நெத்திலிய ரெண்டு தடவ போட்டுத் தின்பீங்கல்ல, அப்ப அடிக்கலயா?" என்றவள் ஜெனிட்டா பக்கம் திரும்பினாள். "எம்மவன் சபரி ஓமன்ல அரபிக்காரன் படகுல இருக்கான்ல. அங்க புயலாம். அஞ்சு நாளாச்சு, ஓஞ்சிருக்கும்ல? சாயந்தரம் இந்த பூத்துக்குத்தான் போன் பண்ணுவான்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"கடலுக்குப் போடான்னுதான். நம்ம கடல்ல புயல்னா மூணு நாள், மிஞ்சினா நாலு நாள், எங்கயாச்சும் கரை ஏறிச் செத்துடும். அப்புறம் வலையை எடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

ஜெனிட்டா திரையில் ஆங்கில வானிலை அறிக்கையைத் திறந்து வாசித்தாள். அமிர்தத்தின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"கடல்தண்ணி சூடா இருக்கிற வரைக்கும் அதுக்குத் தீனி கிடைச்சுக்கிட்டே இருக்கும்க்கா. நம்ம பக்கம் கரை கிட்டக்க இருக்கிறதால சீக்கிரம் ஏறிடுது. பெரிய சமுத்திரத்துல ரெண்டு மூணு வாரம்கூட அலையுமாம். ஒண்ணு ஒரு மாசம் சுத்தியிருக்கு."

"ஒரு மாசமா! அதுக்கு வீடு வாசல் கிடையாதா?" அமிர்தம் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப இது?"

"நேத்தைவிட பலமா இருக்குக்கா. ஓமன் பக்கமாத்தான் போகுது."

சுனாமியில் அமிர்தம் புருஷனையும் படகையும் சேர்த்துப் பறிகொடுத்தவள். அதற்குப் பிறகு கருவாட்டைக் கூடையில் சுமந்து, குத்தாலம் பக்கத்து விவசாய ஊர்களுக்கு பஸ் ஏறினாள். அறுப்புக் காலத்தில் காசுக்குப் பதில் நெல் வாங்கிக்கொள்வாள். அவள் வீட்டில் ஆண்கள் கடலுக்குக் கிளம்பும்போது "போகட்டுமா?" என்று கேட்பார்கள், அவள் "போய்ட்டு வா" என்று சொன்ன பிறகுதான் படகின் கயிற்றை அவிழ்ப்பார்கள். சபரி ஓமனுக்குப் போன பிறகும் போனில் அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று சாயந்தரமும் கேட்டான். புயல் வேறு பக்கம் திரும்பிவிட்டதென்று முதலாளி சொல்கிறாராம், மற்றவர்கள் கிளம்புகிறார்களாம்.

"போக வேணாம்," என்றாள் அமிர்தம்.

"வேலைய விட்டு எடுத்துடுவாரும்மா."

"எடுக்கட்டும்."

எடுத்துத்தான் விட்டார். சபரியை விட்டுவிட்டுப் போன படகு பாதி வழியில் புயலில் அடிபட்டுத் திரும்பியது. ஒருவருக்குக் கை முறிந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. ஊருக்குத் திரும்பிய சபரி மாதக்கணக்கில் சும்மா கிடந்தான். "எல்லாரும்தான் பொழைச்சு வந்தாங்க, நான் மட்டும் கெட்டேன்" என்று ஒருநாள் தாயிடம் எரிந்து விழுந்தான். அவள் சோற்றைப் போட்டு வைத்தாள். அடுத்த வருஷம் ஓமனிலேயே வேறொரு முதலாளியிடம் கிளம்பிப் போனான்.

அந்தப் பக்கம் மறுபடி ஒரு புயல் கிளம்பியபோது அமிர்தம் சென்டருக்கு வந்தாள். ஜெனிட்டா திரையை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். வாயைத் திறக்குமுன் அமிர்தம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தமிழ்ல சொல்றதுக்கு முன்னாடி என் மூஞ்சியப் பார்க்கிற பாப்பா. எனக்கு எவ்வளவு தாங்கும்னு அளக்கிற. இனிமே அது வேணாம். அதுல என்ன போட்டிருக்கோ, கூட்டாம குறைக்காம சொல்லிடு. போகவா வேணாமான்னு அவன்கிட்ட சொல்லப் போறது நான்."