தழும்புள்ள கத்தரிக்காய்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினாலு வருடமாகத் தோல் செக்கிங் செய்கிறேன். வெட்டுவதற்கு முன் தோலை மேஜையில் விரித்து, உண்ணி கடித்த இடத்தையும் முள் கிழித்த இடத்தையும் பேனாவால் வட்டமிடுவது என் வேலை. என் கட்டைவிரலுக்குத் தப்பிய தழும்பு கிடையாது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அதைக் கம்பெனியோடு விட்டிருக்கலாம். கம்பெனி பஸ்ஸிலும் ஏற்றிக்கொண்டு போனேன்.

மாதனூரில் ஏறுகிறவள் ஒருத்தி, தையல் பிரிவில் வேலை, எனக்குப் பக்கத்து சீட். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி முள்ளுக் கத்தரி போட்டிருந்தாள். திங்கட்கிழமை தோறும் ஒரு பை நிறையப் பறித்து வந்து பஸ்ஸில் விற்பாள். ஒருநாள் விளையாட்டாக ஒரு காயை எடுத்துத் தடவினேன். மேலே பழுப்பாக ஒரு கீறல்.

"இன்னாடி இது, இவ்ளோ தழும்பு? ரிஜெக்ட்!"

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் எல்லோரும் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ரிஜெக்ட் செய்ய ஆரம்பித்தார்கள். பாதிப் பை அவளோடே வீடு திரும்பும். சில வாரம் கழித்து, பளபளவென்று ஒரே அளவில் காய் கொண்டுவந்தாள். முதலில் வாங்கியது நான்தான். "இப்பத்தான்டி பயிர் வெக்கக் கத்துக்கினு இருக்க" என்று பாராட்டு வேறு.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலையாக மாதனூர் போனவள், அவள் வீட்டிலும் எட்டிப் பார்த்தேன். பின்னால் ஊதாப் பூவும் இலையெல்லாம் முள்ளுமாகச் செடிகள் நின்றன.

"இது இன்னா செடி?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கத்தரிச் செடிக்கா."

வாரத்தில் மூன்று நாள் கத்தரிக்காய் தின்கிறவள் கேட்ட கேள்வி அது. காற்றடித்தால் இலையும் முள்ளும் காயில் உரசும் என்று காட்டினாள். நான் கண்டுபிடித்த தழும்பு அவ்வளவுதான். அன்று அந்தக் காயில்தான் குழம்பு. வாயில் வைத்ததும் கரைந்தது.

"இத ஏன்டி பஸ்ல கொண்டார்றதில்ல?"

"இதத்தான்க்கா கொண்டாந்தேன், நீங்கல்லாம் வாங்கல. இப்ப கொண்டார்றது மார்க்கெட்ல வாங்கறது. மருந்து ஜாஸ்தி, எங்க வீட்ல அத சமைக்கிறதில்ல." அவள் குரலில் கோபமே இல்லை. "இதெல்லாம் புடுங்கிட்டு சாமந்தி வெக்கலாம்னு அவரு சொல்றாரு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நிஜத் தோல் என்றால் எங்காவது ஒரு தழும்பு இருக்கும், ஒன்றுமே இல்லையென்றால் அது ரெக்சின் என்று புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லித் தருகிறவளே நான்தான். "புடுங்காத. நான் வித்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் அவள் தன் செடியில் பறித்த காயையே கொண்டுவந்தாள். பஸ்ஸில் எழுந்து நின்று ஒரு காயைத் தூக்கிக் காட்டினேன். காற்று, இலை, முள், ரெக்சின் எல்லாம் சொன்னேன். பின்சீட்டுப் பெண் அந்தக் காயை வாங்கி, கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

"ரிஜெக்ட்க்கா!"

அச்சு அசல் என் குரல். பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் இரண்டு கிலோ வாங்கினேன்.

இப்போது அவள் பையில் சாமந்திப் பூ வருகிறது. அதை யாரும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்லை. நானும் வாங்குகிறேன். கத்தரிக்காய் மார்க்கெட்டில் வாங்குகிறேன். ஒரு தழும்புகூட இருப்பதில்லை.