அன்டன் அங்கிள் நடந்து பார்த்த பாதை

இல்லை, அவர் இறந்தது பைக்கில் விழுந்து அல்ல. நித்திரையில்தானாம். எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறீர்கள்...

அன்டன் அங்கிள். ஒரு காலத்தில் மோட்டோகிராஸ், அதாவது மண் பாதை பைக் ரேஸ், சாம்பியன். எனக்கு, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஏழு வருடம் ஸ்கூல் வேன் ஓட்டியவர்.

கொழும்பிலேயே மெதுவான வேன். காலி வீதியில் த்ரீவீல்காரர்கள் தலையை நீட்டி, தள்ளிவிடட்டுமா என்று சிங்களத்தில் கத்திவிட்டுப் போவார்கள்.

"அங்கிள், நீங்க மெய்யாவே சாம்பியனா?" ஒருநாள் கேட்டேன்.

"ஓம். அதுக்கென்ன?"

"பிறகேன் இப்பிடி ஊருறீங்க?"

"பின்னால பதின்மூண்டு பேர் இருக்கிறீங்க. இறங்கித் தள்ளுறதெண்டா சொல்லுங்கோ, வேகமாப் போவம்."

ஒவ்வொரு தவணையும் தொடங்க முந்திய ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் வேனை வீட்டில் விட்டுவிட்டு முழுப் பாதையையும் நடந்து பார்ப்பார். புதுக் குழி, உடைந்த வடிகான் மூடி... எல்லாம் ஒரு கொப்பியில் எழுதுவார். ரேஸுக்கு முதல் ட்ராக்கை நடந்து பார்க்கிற பழக்கமாம். எங்களுக்கு அது பெரிய பகிடி.

உச்சத்தில் இருந்தவர் ரேஸை ஏன் விட்டார்? பல்கலைக்கழகம் போனபின் கம்பஸ் சஞ்சிகையில் அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். அவரைக் கேட்காமலே. 'பயம் அவரை நிறுத்தியது' என்று ஒரு வரி.

கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார். "தமிழ் நல்லா எழுதுறீங்க மகள்." அவ்வளவுதான்.

நேற்று அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவருடைய மகள் ஷெரின் அக்காவிடம், அவர் ஏன் ரேஸை விட்டார் என்று கேட்டேன். கேட்கக்கூடாத நேரம்தான். கேட்டேன்.

கடைசி ரேஸுக்குப் பிந்திப் போனாராம். ட்ராக்கை நடந்து பார்க்கவில்லை. முதல்நாள் மழை ஒரு ஜம்ப்புக்கு அப்பால் பள்ளம் பறித்திருந்தது. அங்கிள் எப்படியோ தாண்டிவிட்டார். அவருடைய தடத்தையே நம்பிப் பின்னால் வந்த நண்பர் விழுந்தார். ஒரு கால் போயிற்று.

"அண்டைக்கும் அப்பாதான் ஃபர்ஸ்ட். கப் எங்கட வீட்டில இல்ல. விழுந்த அந்த அங்கிள்ட வீட்டில இருக்கு. மாதம் ஒருக்கா அப்பா போய்ப் பாத்திட்டு வருவார்."

கப்பையா, அவரையா... கேட்கவில்லை.

அப்படியென்றால் நான் எழுதியது பிழையா? பாதி சரியா? இன்னும் தெரியவில்லை.

"திங்கள் ஸ்கூல் தொடங்குது," என்றார் அக்கா. "வேற ஆள் கிடைக்கேல்ல, நான்தான் வேன் ஓட்டப்போறன். அப்பா மாதிரி நடந்து பாக்கத்தான் நேரமில்ல. அதுதான் பயமாக் கிடக்கு."

போய் வாருங்கள் அங்கிள். ஊர்ந்தே போங்கள்.

இன்று காலை ஆறு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் தொடங்கி வெள்ளவத்தை வரை நடந்தேன். பம்பலப்பிட்டியில், பிள்ளைகள் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கான் மூடி உடைந்திருக்கிறது. படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.