கொழுந்துச் சாக்குக்குள் மூன்று கற்கள்

லீவு நாளில் வீட்டில் துணி துவைக்காமல் மலை ஏறுகிற ஆட்கள் நானும் என் தோழியும். இருவருக்கும் ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. மாதத்தில் ஒரு புதன்கிழமை சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும். எப்படியும் ஏறத்தானே போகிறீர்கள், வரும்போது கல் எடுத்து வாருங்கள் என்று பல்கலைக்கழக மாணவி ஒருத்தி கேட்டாள். எங்கள் மலைப் பாறை பெரும்பாலும் பூமிக்குள் வெந்து இறுகியதாம். அதன் வெடிப்புகளுக்குள் எப்போதோ எரிமலைக் குழம்பு ஏறி உறைந்த கறுப்புக் கல், மெல்லிய பட்டையாக எங்காவது இருக்கலாமாம். அதைத்தான் அவள் தேடினாள். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம். வீட்டில்கூட "ஆராய்ச்சிக்குப் போறேன்" என்றுதான் சொல்வேன்.

கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சியில், ஒரு சாண் அகலத்தில் அப்படியொரு பட்டையைக் கண்டோம். சுத்தியலால் மூன்று துண்டு உடைத்து, வெள்ளைப் பெயின்டில் எண் போட்டு, அளவுக்கு என் சீப்பைப் பக்கத்தில் வைத்துப் படமும் எடுத்தேன். இறங்கும்போது பாதி வழியில் என் பையின் வார் அறுந்துவிட்டது.

கொழுந்துச் சாக்கோடு இறங்கிக்கொண்டிருந்த ஓர் அக்கா எங்களைப் பார்த்து நின்றார்.

"நிறுக்கத்தான் மடுவத்துக்குப் போறேன். என் சாக்குல போடுங்க, அங்க வந்து எடுத்துக்குங்க."

கற்களைத் துவாயில் சுற்றி அவர் சாக்குக்குள் வைத்துவிட்டுக் கைவீசி நடந்தோம். ஒழுங்காக அவர் பின்னாலேயே போயிருக்க வேண்டும். ஓடையைக் கண்டதும் படம் எடுக்க நின்றது என் புத்தி.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கொழுந்து நிறுக்கிற கொட்டகையான அந்த மடுவத்தில் எல்லோரும் தராசைச் சுற்றி நின்றார்கள். அக்கா சாக்கை இறக்கிவிட்டு, பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டிருந்த கைக்குழந்தையைத் தூக்கிவரப் போயிருக்கிறார். அதற்குள் வரிசை நகர, யாரோ அவர் சாக்கைத் தராசில் மாட்டிவிட்டார்கள். கணக்கப்பிள்ளை சந்தேகப்பட்டு உள்ளே கையை விட்டிருக்கிறார். கொழுந்துக்குள் கல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், நிறையைக் கூட்டுகிற களவு. அந்தப் பெயர் ஒருமுறை விழுந்தால், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. வேலையும் போகலாம்.

"எத்தனை நாளா புள்ள இது நடக்குது?" என்று கணக்கப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தார்.

"டவுன்லருந்து வந்த ரெண்டு பேரோட கல்லுங்க. இப்ப வந்துருவாங்க," என்றார் அக்கா. குழந்தை இடுப்பில் இருந்தது. முகம் சிறுத்துப் போயிருந்தது.

"கல்லுக்கும் சொந்தக்காரங்களா?" என்று யாரோ சிரித்தார்கள்.

ஓடிப்போய், படியில் சறுக்கி விழுந்து, விழுந்தபடியே சொன்னேன்: "அது எங்க கல்லுங்கய்யா."

ஆராய்ச்சி என்றேன். அவர் நம்பவில்லை. கைப்பேசியை நீட்டினேன். படத்தில் பாறை, எண் போட்ட கல், பக்கத்தில் பல் உடைந்த என் சீப்பு. கையிலிருந்த கல்லைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். படத்தையும் பார்த்தார்.

"சீப்பு எங்க?"

பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். அதே உடைந்த பல். மடுவமே சிரித்தது, கணக்கப்பிள்ளையும் சேர்ந்துதான். கற்களை ஓரமாக வைத்துவிட்டுச் சாக்கை மறுபடி நிறுத்தார்.

"கொழுந்து சுத்தமா இருக்கு. போ புள்ள," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்போதும் அக்கா சிரிக்கவில்லை. எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

தான் தேடிய கல் அதுதான் என்று மாணவி துள்ளிக் குதித்தாள். எனக்கு அக்காவின் முகம்தான் நினைவில் நின்றது. அடுத்த லீவில் நேரே அவர் பறிக்கிற மலைக்குப் போய், மன்னிப்புக் கேட்டு, மாணவி தேடிய கல் அதுதான் என்பதையும் சொன்னேன். அவர் கை கொழுந்து கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"நல்லது. வேணும்னா இன்னும் ஒடைச்சுக்குங்க. ஆனா கீழ வரைக்கும் நீங்களே தூக்குங்க."

திரும்பி நின்று முதுகிலிருந்த புதுப் பையைக் காட்டினேன். வாரை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அக்கா சிரித்தார்.